12 பெயர்கள், அதில் ஒன்று தன் பெயர்

1985-86 சீசனில் இங்கிலாந்துக் கால்பந்தின் அன்றைய உச்ச லீகான முதல் டிவிஷன் ஆட்டத்துக்கு ஒரு மேனேஜர் 12 பெயர்களை எழுதிக் கொடுப்பார். 11 பேர் களத்தில், ஒருவர் பெஞ்சில். அவ்வளவுதான் அன்றைய விதி. இன்று பிரீமியர் லீகில் பெஞ்சில் மட்டுமே 9 பேர் உட்காரலாம், அதில் 5 பேரை இறக்கலாம். அன்று அந்தச் சௌகரியம் கிடையாது. 12 பேருக்கு வெளியே விழுந்தவன் கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு கேலரியில் உட்கார வேண்டியதுதான்.

அந்தச் சீசனில் லிவர்பூலுக்கு அந்தப் பட்டியலை எழுதியவர் கென்னி டால்கிலீஷ். 34 வயது. அந்த அணியிலேயே ஆடிக்கொண்டிருந்தவர், மேனேஜர் பதவிக்கு முற்றிலும் புதியவர். வாரா வாரம் அவர் முன்னால் இருந்த கேள்வி மற்ற மேனேஜர்களில் பெரும்பாலோருக்கு இல்லாத கேள்வி: என் பெயரை எழுதுவதா, வேண்டாமா?

பிளேயர்-மேனேஜர் என்றதும் "ஆடிக்கொண்டே அணியையும் நடத்தினாராமே, என்ன திறமை!" என்று வியக்கிறோம். ஆடுவதில் டால்கிலீஷுக்கு இருந்த திறமை உலகம் அறிந்தது. என்னை அவர் பக்கம் இழுத்தது வேறு. அந்தச் சீசனில் பல ஆட்டங்களில் அவர் தன் பெயரை எழுதவே இல்லை. தேவை வந்தபோது கூச்சப்படாமல் எழுதினார். இரண்டுமே சரியான நேரத்தில் நடந்தது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன். 1951 மார்ச் 4, கிளாஸ்கோவின் டால்மார்னக் பகுதியில் பிறந்தவர். சிறுவயதில் ரேஞ்சர்ஸ் ரசிகர். வீடு மாறியபோது ரேஞ்சர்ஸின் ஐப்ராக்ஸ் மைதானத்துக்குப் பக்கத்திலேயே குடியிருந்தார்கள். அப்படிப்பட்ட பையனை 1967-ல் வந்து கூட்டிப்போனது எதிரணியான செல்டிக். செல்டிக் மேனேஜர் ஜாக் ஸ்டீனின் உதவியாளர் ஷான் ஃபாலன் வீட்டுக்கு வருகிறார் என்று தெரிந்ததும், பையன் ஓடிப்போய் அறைச் சுவரில் இருந்த ரேஞ்சர்ஸ் படங்களைக் கழற்றினான் என்பது ஸ்காட்லாந்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அன்று ஃபாலனுக்குத் திருமண நாள். மனைவியைக் காரில் உட்கார வைத்துவிட்டு, இதோ வந்துவிடுகிறேன் என்று மேலே ஏறியவர் வெகுநேரம் கழித்துத்தான் இறங்கினார். பையன் கையெழுத்துப் போட்டாயிற்று. 15 வயதில் லிவர்பூலும் அவரைச் சோதித்துப் பார்த்து எடுக்காமல் விட்டிருந்தது. பிறகு கம்பர்நால்ட் யுனைடெட் என்ற சின்ன அணியில் ஆடிக்கொண்டு, பகலில் தச்சு வேலை பழகிய காலமும் உண்டு.

செல்டிக்கில் நான்கு லீக் பட்டங்கள், நான்கு ஸ்காட்டிஷ் கோப்பைகள். 1977 ஆகஸ்டில் லிவர்பூல் அவரை வாங்கியது. விலை 4,40,000 பவுண்டு. பிரிட்டிஷ் கிளப்புகளுக்கு இடையே அதுவரை இல்லாத தொகை. கெவின் கீகன் ஹாம்பர்க்குக்குப் போய்விட்டார், அவருடைய 7-ம் எண் சட்டை டால்கிலீஷுக்கு வந்தது. லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டின் ரசிகர்களுக்குக் கீகன் என்றால் உயிர். ஆனாலும் முதல் சீசன் முடிவதற்குள் கீகனைப் பற்றிப் பேச ஆளில்லை. 1978 மே மாதம் வெம்ப்ளியில் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம், எதிரே கிளப் ப்ரூஜ். கிரேம் சூனஸ் கொடுத்த பாஸ். கோல்கீப்பர் முன்னால் பாய்ந்து வருகிறார். டால்கிலீஷ் அடிக்கவில்லை. ஒரு கணம் பொறுத்தார், கீப்பர் கீழே விழும்வரை. பிறகு அவர் மேலேயே பந்தை மெல்லத் தூக்கிவிட்டார். 1-0.

அந்த ஒரு கணப் பொறுமைதான் அவர் ஆட்டம் முழுவதும். வேகமாக ஓடக்கூடியவர் அல்ல, தொடக்கத்திலிருந்தே. பந்தை வாங்கியதும் டிஃபென்டருக்கு முதுகைக் காட்டி, இடுப்பையும் பின்பக்கத்தையும் வைத்து அவனை அண்டவிடாமல் நிற்பார். பின்னால் நிற்பவன் எந்தப் பக்கம் சாய்கிறான் என்பது உடம்பிலேயே தெரியும்போல. அவன் சாய்ந்த பக்கத்துக்கு மறுபக்கம் திரும்புவார். வேகத்தை நம்பி ஆடியவர்களுக்கு 30 வயதில் கதை முடிந்துவிடும். பார்வையை நம்பி ஆடியவருக்கு அது நீளும். மைதானத்தில் யார் எங்கே நிற்கிறார்கள், அடுத்து எங்கே போவார்கள் என்று தலைக்குள் படம் ஓடுகிற ஆள்தான் மேனேஜர் ஆவதற்கும் தோதானவர். லிவர்பூல் நிர்வாகமும் அதைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

பதவி வந்த நேரம் மகா கொடியது. 1985 மே 29, பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் மைதானம், யுவெண்டஸுக்கு எதிராக ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். ஆட்டம் தொடங்குமுன் லிவர்பூல் ரசிகர்கள் கூட்டமாகப் பாய, தப்பிக்க ஓடியவர்கள் மேல் சுவர் இடிந்து விழ, 39 பேர் செத்துப்போனார்கள். பெரும்பாலோர் இத்தாலியர்கள். மேனேஜர் ஜோ ஃபேகன் அந்த ஆட்டத்தோடு விலகுவது முன்பே முடிவாகியிருந்தது. மறுநாள் புது மேனேஜராக அறிவிக்கப்பட்டவர் முந்தைய இரவு அதே மைதானத்தில் ஆடிய டால்கிலீஷ். ஐரோப்பியப் போட்டிகளில் ஆட இங்கிலாந்து கிளப்புகளுக்குத் தடை வந்தது. ஊரே தலைகுனிந்து நின்ற வாரத்தில், முன் அனுபவம் ஒரு துளியும் இல்லாத ஆட்டக்காரர் கையில் கிளப்பைக் கொடுத்தார்கள்.

தனியாகக் கொடுக்கவில்லை. இதைக் கவனிக்காமல் போனால் டால்கிலீஷின் வெற்றி புரியாது. 1974 முதல் 1983 வரை மேனேஜராக இருந்து மூன்று ஐரோப்பியக் கோப்பைகளை வென்ற பாப் பெய்ஸ்லி ஆலோசகராகப் பக்கத்தில் உட்கார்ந்தார். ரோனி மோரனும் ராய் எவன்ஸும் பயிற்சியைப் பார்த்துக்கொண்டார்கள். லிவர்பூலின் "பூட் ரூம்" என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பூட்ஸ் வைக்கும் சின்ன அறையில் உட்கார்ந்து பயிற்சியாளர்கள் ஆட்டத்தை அலசுவார்கள். அந்த மரபு அப்படியே உயிரோடு இருந்தது. தினசரிப் பயிற்சி யார் மேனேஜர் என்று பார்க்காமல் தன் போக்கில் நடக்கும். புது மேனேஜர் வந்து எதையும் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை.

இது ஏன் முக்கியம் என்று எனக்குச் சொந்த அனுபவத்தில் தெரியும். வாரக்கடைசியில் நாங்கள் ஆடும் அணிக்கு ஆள் எடுப்பதும் நான், வலது விங்கில் ஆடுவதும் நான். எந்தப் பரிசும் இல்லாத அளவில்தான் எங்கள் ஆட்டம். ஆனால் உள்ளே இருக்கிறவனுக்கு என்ன தெரியாது என்பதை அது நன்றாகக் காட்டிவிடும். பந்து என் காலில் இருக்கும்போது எனக்குத் தெரிவது முன்னால் நிற்கும் இரண்டு பேர், அப்பால் ஒரு இடைவெளி. எங்கள் இடது பேக் மூச்சு வாங்கி இடுப்பில் கைவைத்து நிற்பது தெரியாது. நடுவில் ஒரு பெரிய பொட்டல் விழுந்திருப்பது தெரியாது. கோட்டுக்கு வெளியே நிற்கிறவர் கத்தினால்தான் உண்டு. அந்தக் குரலை நம்பவும் வேண்டும். டால்கிலீஷ் களத்தில் இருந்தபோது அவருக்கு அப்படிக் கத்துவதற்கு மோரன் இருந்தார். சும்மா கத்துகிற ஆள் இல்லை மோரன். ஆட்டக்காரர்கள் யாரும் எதிர்த்துப் பேசத் துணியாத குரல்.

சரி, பட்டியலுக்கு வருகிறேன். முந்தைய வாரம்வரை அதே பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸ் கட்டியவர்களுக்கு இப்போது இவர்தான் மேனேஜர். "கென்னி" என்று கூப்பிட்டவர்கள் "பாஸ்" என்று கூப்பிட வேண்டும். ஃபில் நீல் நிலையை நினைத்துப் பாருங்கள். நான்கு ஐரோப்பியக் கோப்பைகளை வென்ற ரைட் பேக், ஹெய்சல் இரவில் அணித் தலைவர், மேனேஜர் பதவி தனக்கு வரும் என்று எதிர்பார்த்தவர். புது சீசனில் தலைமை அவரிடமிருந்து ஆலன் ஹான்சனிடம் போனது. சில மாதங்களில் இடமும் போனது. 1985 டிசம்பரில் போல்டனுக்குப் போய் அங்கே அவரும் பிளேயர்-மேனேஜர் ஆனார். லெஃப்ட் பேக் ஆலன் கென்னடி, 1981 ஐரோப்பிய இறுதியின் வெற்றி கோலை அடித்தவர், சண்டர்லாண்டுக்கு அனுப்பப்பட்டார். இருவரும் டால்கிலீஷோடு சேர்ந்து எல்லாம் வென்றவர்கள். வெளியிலிருந்து வந்த மேனேஜர் இதைச் செய்தால் கோபம் கோபத்தோடு போகும். கூட ஆடியவன் செய்தால் அது வீடுவரை வரும். தயங்கியிருந்தால் முதல் மூன்று மாதத்திலேயே டால்கிலீஷ் தோற்றிருப்பார் என்று நினைக்கிறேன். பழைய பேக்குகள் இருவருக்கும் வயது ஏறியிருந்தது. அவர் கண் அதைப் பார்த்தது, கை அதை எழுதியது.

அதே கண்ணால் தன்னையும் பார்த்தார். இங்கேதான் மற்ற பலரிடமிருந்து அவர் வேறுபடுகிறார். சீசன் தொடக்கத்தில் அவர் நன்றாகவே ஆடினார். செப்டம்பரில் அதே ஊர்ப் போட்டி அணியான எவர்டனுக்கு எதிராக, அவர்களுடைய குடிசன் பார்க்கில், முதல் நிமிடத்திலேயே ஒரு கோல், ஆட்டம் 3-2. நடப்புச் சாம்பியனை அவர்கள் மைதானத்திலேயே வென்றாயிற்று. அந்தக் கோலைக் காட்டியே தன் பெயரைச் சீசன் முழுக்க எழுதியிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் இயான் ரஷ்ஷுக்குத் துணையாக இளைஞர் பால் வால்ஷை இறக்கி, தான் ஒதுங்கிக்கொண்டார். வால்ஷும் கோல் அடித்துக் கொடுத்தார்.

பிப்ரவரியில் எல்லாம் குலைந்தது. வால்ஷுக்குக் கணுக்காலில் காயம். ஆன்ஃபீல்டிலேயே எவர்டனிடம் 0-2 தோல்வி. எவர்டன் மேலே, லிவர்பூல் வெகுதூரம் கீழே. நான் ஆடியதிலேயே மோசமான லிவர்பூல் அணி இதுதான் என்று ஹான்சன் தன் நண்பரான மேனேஜரிடமே சொன்னார். சொன்னவர் அணித் தலைவர் என்பதைக் கவனியுங்கள். அப்படிச் சொல்லக்கூடிய உறவு அவர்களிடம் மிஞ்சியிருந்தது எனக்குப் பிடித்திருக்கிறது. கூட ஆடியவர் மேனேஜராவதில் உள்ள நன்மையும் அதுதான், டிரெஸ்ஸிங் ரூமில் நடப்பது அவர் காதுக்குச் சர்க்கரை பூசாமல் வரும்.

மார்ச்சில் டால்கிலீஷ் தன் பெயரை மறுபடி எழுதினார். 35 வயது ஆகிறது. கடைசி 12 லீக் ஆட்டங்களில் 11 வெற்றி, ஒன்று டிரா. ஏப்ரல் 30 இரவு லிவர்பூல் லெஸ்டரில் வென்றது, அதே இரவு எவர்டன் ஆக்ஸ்ஃபோர்டில் 0-1 என்று தோற்றது. அந்த ஒரு இரவில் நிலைமை தலைகீழானது. மே 3, செல்சியின் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில் வென்றால் பட்டம்.

அந்த ஆட்டத்தின் கோலை எத்தனையோ தடவை போட்டுப் பார்த்திருக்கிறேன், வேகத்தைக் குறைத்தும். முதல் பாதியின் நடுவில், 23-வது நிமிடம். செல்சி பாதியில் பந்து மேலேயே தலைக்குத் தலை தாவிக்கொண்டிருக்கிறது. ஜிம் பெக்லின் இடது காலால் பெட்டிக்குள் ஒரு சின்னத் தூக்கல் கொடுக்கிறார். வலது பக்கத்தில் டால்கிலீஷ். அவர் பந்தைப் பார்ப்பதற்கு முன்பே இடத்துக்குப் போய்விடுகிறார். நெஞ்சில் வாங்குகிறார். நெஞ்சில் வாங்குகிறவர்கள் பலரும் பந்தைக் காலடியில் விழவைத்துவிட்டு அப்புறம் யோசிப்பார்கள். இவர் நெஞ்சாலேயே பந்தைத் தான் ஓடப்போகும் திசைக்கு முன்னால் போடுகிறார். டிஃபென்டர் இறங்கி வரும் கோணத்திலிருந்து அது ஓரடி விலகிவிடுகிறது. தரையைத் தொடுமுன் வலது காலால் வாலி. கீப்பரைத் தாண்டி உள்ளே. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, முகம் முழுக்கச் சிரிப்போடு ஓடி வருகிறார்.

அடித்தவர் மேனேஜர். காலையில் அந்த ஆளைப் பட்டியலில் எழுதியவரும் அவரே. 1-0. லிவர்பூல் 88 புள்ளி, எவர்டன் 86 என்று லீக் முடிந்தது.

ஒரு வாரம் கழித்து, மே 10, வெம்ப்ளியில் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம், மறுபடியும் எவர்டன். எவர்டனின் கேரி லினேகர் முதல் கோல் அடித்தார். இரண்டாம் பாதியில் யான் மோல்பி ஆட்டத்தைத் தன் காலுக்குக் கொண்டுவர, ரஷ் இரண்டு, கிரெய்க் ஜான்ஸ்டன் ஒன்று. 3-1. அன்றும் டால்கிலீஷ் களத்தில் இருந்தார். பெஞ்சில் இருந்த அந்த ஒரே ஆள், அவரே செப்டம்பரில் ஆஸ்டன் வில்லாவிலிருந்து வாங்கிய ஸ்டீவ் மக்மான். வாங்கிய ஆளை வெளியே உட்கார வைத்துவிட்டுத் தான் ஆடுவதில் அவருக்குத் தயக்கமில்லை. அன்றைய தேவை அது. லீக், எஃப்.ஏ. கோப்பை இரண்டையும் ஒரே சீசனில் வெல்வது 20-ம் நூற்றாண்டில் அதற்கு முன் இரண்டு கிளப்புகளுக்குத்தான் வாய்த்திருந்தது: 1961-ல் டாட்டன்ஹாம், 1971-ல் ஆர்சனல். பிளேயர்-மேனேஜராக அதைச் செய்தவர் இவர் ஒருவரே.

இதே ஆண்டு, முன்பு இதே லிவர்பூலில் கூட ஆடிய சூனஸ், ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸுக்குப் பிளேயர்-மேனேஜர் ஆனார். அவர் கதை வேறு சுபாவம். 1986 ஆகஸ்ட், முதல் லீக் ஆட்டம், ஹிபர்னியன் மைதானம். எதிரணி ஆளை உதைத்து ரெட் கார்டு வாங்கி வெளியேறினார், அணியும் தோற்றது. மேனேஜரை நடுவர் வெளியே அனுப்பிவிட்டால் ஆட்டக்காரனை யார் கண்டிப்பது? ஆனால் அதே சீசனில் ரேஞ்சர்ஸ் ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு லீக்கை வென்றது. பட்டம் உறுதியான அபர்டீன் ஆட்டத்திலும் சூனஸுக்கு ரெட் கார்டு. ஒரே பதவியை இரண்டு நண்பர்கள் இரண்டு விதமாக உடுத்தினார்கள். தன் ஆட்டத்தின் கோபத்தை அணிக்கே ஊட்டியவர் சூனஸ். நான் டால்கிலீஷ் பக்கம்தான். சூனஸ் வழியில் வென்றாலும், அணி ஒரு ஆளின் ரத்த அழுத்தத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும்.

செல்சியையும் சொல்ல வேண்டும். 1990-களில் அங்கே ஒருவர் பின் ஒருவராக மூன்று பிளேயர்-மேனேஜர்கள்: கிளென் ஹாடில், ரூட் குல்லிட், ஜியான்லூகா வியாலி. குல்லிட் 1997-ல் எஃப்.ஏ. கோப்பையை வென்றார். அவர் காலத்தில் வியாலி பெரும்பாலும் பெஞ்சில். 1998 பிப்ரவரியில் குல்லிட்டை அனுப்பிவிட்டு, அந்த வியாலியையே 33 வயதில் மேனேஜர் ஆக்கினார்கள். மூன்று மாதத்தில் ஸ்டாக்ஹோமில் கப் வின்னர்ஸ் கப் இறுதி, எதிரே ஸ்டுட்கார்ட். வியாலி களத்தில் ஆடிக்கொண்டிருக்கிறார். 71-வது நிமிடம் டோரே ஆண்ட்ரே ஃப்ளோ வெளியே, ஜியான்ஃபிராங்கோ ஸோலா உள்ளே. வந்த வேகத்தில் ஸோலா அடித்த கோல்தான் கோப்பை. களத்தில் நிற்கிறவர் தன்னை விட்டுவிட்டு இன்னொரு ஸ்ட்ரைக்கரை மாற்றினார் என்று குறை சொல்லவும் இடமுண்டு. ஆட்டம் பலித்துவிட்டதால் யாரும் சொல்லவில்லை.

நம் பக்கத்திலும் இது நடந்தது. 2014-ல் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) தொடங்கியபோது சென்னையின் எஃப்சிக்கு மார்க்கோ மாட்டராஸியும் கேரளா பிளாஸ்டர்ஸுக்கு டேவிட் ஜேம்ஸும் பிளேயர்-மேனேஜர்கள். அரையிறுதியில் இரண்டு பேரும் மோதினார்கள். கொச்சியில் கேரளா 3-0. சென்னையில் நம் ஆட்கள் மூன்றையும் திருப்பிவிட்டார்கள், எக்ஸ்ட்ரா டைமில் ஸ்டீஃபன் பியர்சன் அடித்த ஒரு கோலால் போயிற்று. மறு ஆண்டு மாட்டராஸி பூட்ஸைக் கழற்றிவிட்டு மேனேஜராக மட்டும் நின்றார். 2015 டிசம்பரில் கோவாவை அவர்கள் மண்ணிலேயே 3-2 என்று வென்று கோப்பை வந்தது. கோட்டுக்கு வெளியே நின்று பார்த்த மாட்டராஸி, உள்ளே நின்று பார்த்தவரைவிட நல்ல மேனேஜர் என்று எனக்கு அப்போதே தோன்றியது. அன்று சுமார் இரண்டரை மாதத்தில் முடிந்த சீசனில் ஆள் மாற்றுவதற்கும் ஓய்வு கொடுப்பதற்கும் தனித் தலை வேண்டியிருந்தது.

பெரிய லீகுகளில் இப்போது இந்தப் பதவியே அருகிவிட்டது. 2019-ல் வின்சென்ட் கொம்பனி பெல்ஜியத்தின் ஆண்டர்லெக்டில் முயன்றார். முதல் நான்கு ஆட்டங்களில் வெற்றியே இல்லை. ஆட்ட நாளின் பொறுப்பை உதவியாளர் சைமன் டேவிஸிடம் விட்டார். பிறகு ஃபிராங்க் ஃபெர்காட்டரன் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். ஓராண்டு கழித்து ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றுத்தான் கொம்பனி முழு மேனேஜர் ஆனார். வேலை அவ்வளவு பெருத்துவிட்டது. மேனேஜருக்குத் தேவையான புரோ லைசென்ஸ் படிப்பே ஓராண்டுக்கு மேல் இழுக்கும். வீடியோ அலசல், ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் செய்தியாளர் சந்திப்பு, 25 பேர் கொண்ட குழு, அத்தனை பேருக்கும் ஏஜென்ட். இதற்கு நடுவே தொடைத் தசையை இழுத்து விட்டுக்கொண்டு வார்ம்-அப் ஓட நேரம் எங்கே? இங்கிலாந்தின் உச்ச லீகை டால்கிலீஷுக்குப் பிறகு எந்தப் பிளேயர்-மேனேஜரும் வெல்லவில்லை. இனி வெல்லவும் போவதில்லை என்றே நினைக்கிறேன்.

டால்கிலீஷ் அதற்குப் பிறகு தன் பெயரை எழுதுவதைக் குறைத்துக்கொண்டே வந்தார். 1987-ல் ரஷ் யுவெண்டஸுக்குப் போனார். நியூகாசிலிலிருந்து பீட்டர் பியர்ட்ஸ்லி 19 லட்சம் பவுண்டுக்கு வந்தார், வாட்ஃபோர்டிலிருந்து ஜான் பார்ன்ஸ் 9 லட்சத்துக்கு. ஜான் ஆல்ட்ரிட்ஜ் முன்பே வந்திருந்தார். 7-ம் எண் சட்டையைப் பியர்ட்ஸ்லிக்குக் கொடுத்துவிட்டார். தன் இடத்துக்கு ஆளைத் தானே தேடிப்பிடித்து, தன் சட்டையையும் மாட்டிவிட்டார். அந்த அணி 1987-88 சீசனின் முதல் 29 ஆட்டங்களில் தோற்கவில்லை. அவர் கட்டியதிலேயே அழகான அணி அதுதான். அதில் அவருக்கு இடமில்லை.

பிறகு 1989 ஏப்ரல் 15. ஹில்ஸ்பரோ மைதானம். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு எதிரான எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் நெரிசலில் சிக்கிய லிவர்பூல் ரசிகர்களில் 97 பேர் இறந்தார்கள். கடைசி ஒருவர் 2021-ல் போனார். நடப்பது என்ன என்று களத்தின் ஓரத்தில் நின்று பார்த்தவர் டால்கிலீஷ். அடுத்த நாட்களில் ஆன்ஃபீல்டின் கதவைத் திறந்து குடும்பங்களை உள்ளே அழைத்தார்கள். அவரும் மனைவி மரினாவும் ஆட்டக்காரர்களும் அவர்களோடு உட்கார்ந்து இருந்தார்கள். சவ அடக்கங்களுக்குப் போனார், ஒரே நாளில் நான்குக்கு. மேனேஜர் பயிற்சியில் இதற்குப் பாடம் கிடையாது. ஆட்டக்காரனுக்கும் மேனேஜருக்கும் அப்பால் ஒரு ஊரின் மூத்த பிள்ளையாக அவர் நின்றார். அந்த ஊர் இன்றும் அவர்மேல் வைத்திருக்கும் அன்புக்குக் கோப்பைகள் மட்டும் காரணமில்லை. 2017-ல் ஆன்ஃபீல்டின் ஒரு ஸ்டாண்டுக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

1990-ல் மறுபடி லீக் பட்டம். மே 1, டெர்பி கவுண்டிக்கு எதிராகக் கடைசியாக ஒருமுறை மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். 39 வயது. ஆட்டக்காரர் டால்கிலீஷ் அன்றோடு முடிந்தார். மேனேஜர் டால்கிலீஷ் அதற்குப் பிறகு பத்து மாதம்கூட அங்கே இல்லை.

1991 பிப்ரவரி 20, எஃப்.ஏ. கோப்பை மறு ஆட்டம், குடிசன் பார்க், எவர்டன். நான்கு முறை லிவர்பூல் முந்தியது, நான்கு முறையும் எவர்டன் சமன் செய்தது. 4-4. பின்வரிசையைப் பலப்படுத்த ஒரு மாற்றம் செய்ய வேண்டும் என்பது தனக்கு நன்றாகத் தெரிந்தும் செய்யாமல் நின்றேன் என்று பிற்பாடு சொன்னார். ஆட்டத்தைப் பார்ப்பதில் அவ்வளவு தேர்ந்த கண், இப்போதும் பார்க்கிறது, ஆனால் முடிவு வாய்க்கு வரவில்லை. இரண்டு நாள் கழித்து, லீகில் அணி முதலிடத்தில் இருக்கும்போதே, பதவி விலகினார். ஆட்ட நாளில் தலை வெடித்துவிடும் போலிருக்கிறது என்றார். மேனேஜரான பிறகு முதல் முறையாகக் கிளப்பைவிட என் நலனை முன்னால் வைக்கிறேன் என்றும் சொன்னார்.

ஆறு ஆண்டுகள் ஒரு நாளும் விடாமல் சுமந்தவர் அவர். ஆடுகிறவனுக்கு ஆட்டம் முடிந்தால் காலை நீட்டி உட்கார ஒரு மணி நேரம் கிடைக்கும். அதே ஆள் மேனேஜராகவும் இருந்தால் அந்த ஒரு மணி நேரமும் போயிற்று: காயம்பட்டவன் யார், செய்தியாளர் எங்கே, அடுத்த வாரம் யாரை உட்கார வைப்பது. அதன்மேல் ஹெய்சல், அதன்மேல் ஹில்ஸ்பரோ. அவர் விலகியதை ஓட்டம் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அந்த முடிவில் 1986-ன் அதே கண்தான் தெரிகிறது. ஆன்ஃபீல்டில் அவர் இடத்துக்கு வந்தவர் சூனஸ்.

எட்டு மாதம் கழித்து, 1991 அக்டோபரில், டால்கிலீஷ் இரண்டாம் டிவிஷனில் கிடந்த பிளாக்பர்ன் ரோவர்ஸுக்கு மேனேஜராகப் போனார். இந்தத் தடவை மேனேஜர் மட்டும். 1995 மே 14 அன்று பிளாக்பர்ன் பிரீமியர் லீகை வென்றது. கடைசி ஆட்டம் ஆன்ஃபீல்டில், லிவர்பூலிடம் 1-2 என்று தோற்றபடியே வென்றது, ஏனென்றால் மான்செஸ்டர் யுனைடெட் வெஸ்ட் ஹாமில் டிரா செய்துவிட்டது. அன்று அவர் எழுதிய பட்டியலில் ஆலன் ஷியரர் இருந்தார், டிம் ஷெர்வுட் இருந்தார், கிரேம் லெ சோ இருந்தார். அவருக்கு அப்போது 44 வயது.